இருபத்து மூன்றாவது பெயர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நான் நலம். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய்.

வெள்ளிக்கிழமை வாக்காளர் பட்டியல் எடுக்கும் அலுவலர் எங்கள் இல்லத்துக்கு வந்தார். மனநல இல்லங்களில் இருப்பவர்களை இனிமேல் இருக்கிற இடத்துக்கே வந்து பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று புதுச் சட்டமாம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நாங்கள் இருபத்து மூன்று பேர். இருபத்திரண்டு பேருக்குப் படிவம் நிரப்பினார். என் முறை வந்ததும் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"உங்களைச் சேக்க முடியாதுங்க. உங்க பேர்ல கோர்ட் உத்தரவு இருக்கு."

நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

"குத்தம் எதுவும் இல்லைங்க. சித்த சுவாதீனம் இல்லாதவர்னு உத்தரவு. பன்னெண்டு வருஷம் ஆச்சு. அது இருக்கிற வரைக்கும் ஓட்டு கிடையாது."

சுவரோடு பேசுவாரே, என் பக்கத்துப் படுக்கைக்காரர், அவருக்கு ஓட்டு உண்டு. அவரை யாரும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அந்த அலுவலரிடமே உத்தரவின் நகல் கேட்டிருந்தேன். இன்று வந்தது. மனுதாரர் என்ற இடத்தில் 'உடன்பிறந்த மூத்த சகோதரி' என்று இருக்கிறது. கையெழுத்தின் கடைசி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. இந்த உலகத்தில் ஒருத்தர்தான் அப்படிக் கையெழுத்துப் போடுவார்.

அது நீயா?

தம்பி

*

ஜனவரி 16

டேய் நெட்டை,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையை ஓரமாகக் கத்தரித்துப் பிறகு பசை போட்டு ஒட்டியிருந்தது. நம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வாசகர் இருக்கிறார் போலிருக்கிறது. ஆகவே இதை உனக்கு முன்னால் படிக்கப்போகும் கண்காணிப்பாளர் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, பசையைக் கொஞ்சம் கம்மியாகத் தடவுங்கள். காகிதம் உறையோடு ஒட்டிக்கொண்டு, பாதி கடிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டித்தான் உரித்தேன்.

இதைச் சாப்பாட்டு வேளையில் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு நானூறு மடித்து முடித்தாயிற்று. சூட்டு உருளையில் துணி விடுகிற உருளைக்காரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்ளோ நீளமா லவ் லெட்டரு?" என்கிறாள். "ஆறடி ரெண்டு அங்குலத்துல ஒருத்தன் இருக்கான்டி, அவனுக்கு" என்றேன். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். நிற்கட்டும்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருந்தால் நீ விடவா போகிறாய்? நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு வந்தவள். சோப்புத் தூள் பையில் இருக்கிற எழுத்தை வாசிப்பேன், பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை வாசிப்பேன். கோர்ட் காகிதத்தை வாசிக்க முடியுமா? உன்னை அந்த இல்லத்தில் சேர்க்க வேண்டுமென்றால் இது வேண்டும் என்றார்கள். குமாஸ்தா விரலை வைத்த இடத்தில் போட்டேன். விரலை நகர்த்தினார், அங்கேயும் போட்டேன். அன்றைக்கு மழை வேறு. உன் அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று கோழி மாதிரிக் கொக்கரித்துக்கொண்டிருந்தார்.

அது உன் ஓட்டை விழுங்குகிற காகிதம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஓட்டு உனக்கு எதற்கு? நான் ஆறு தடவை போட்டுவிட்டேன். எங்கள் தெருக் குழாயில் இன்னமும் காற்றுதான் வருகிறது. வேண்டுமானால் அடுத்த தடவை நீ சொல்கிற ஆளுக்கே போட்டுவிடுகிறேன், விடு.

விடமாட்டாய். தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அதையே நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நன்றாகத் தூங்குகிறாயா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

அக்கா

*

ஜனவரி 23

அக்காவுக்கு,

தூங்குகிறேன்.

தயவுசெய்து கண்காணிப்பாளருக்கு வணக்கம் எழுதாதே. அந்த வரியை அவர் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்க வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். அவர் திட்டினால் எனக்குப் பயமில்லை. சிரிக்கும்போதுதான் பயம்.

வியாழக்கிழமைதோறும் இலவச சட்ட உதவிக்கு ஒரு வக்கீலம்மா வருகிறார். காகிதத்தைக் காட்டினேன். உத்தரவை நீக்கச் சொல்லி மனுப் போடலாம், மனுப் போட்டவரான நீயும் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஏப்ரலில் வருகிற உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் மார்ச் பத்தாம் தேதி மூடுகிறது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

வக்கீலம்மா போன பிறகு கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார்.

"புத்தி தெளிவா இருக்குன்னு கோர்ட்ல சொல்லப்போறியாமே. சந்தோஷம். தெளிவா இருக்கிற ஆளுக்கு இங்க எதுக்குப் படுக்கை? வெளிய நாப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க."

ஜெயித்தால் படுக்கை போகும். தோற்றால், புத்தியில்லாதவன் என்று இரண்டாவது தடவையும் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவர்களைப் பூட்டுப் போட்ட பின்கட்டுக்கு மாற்றுவது உண்டு. பின்கட்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை, தகரம்தான். இதில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒன்றுக்கும் மாலையில் மற்றதற்கும் பயப்படுகிறேன்.

ஓட்டு எதற்கு என்று கேட்டாய். சனிக்கிழமை அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார்கள். இருபத்திரண்டு பேரும் தலைவாரிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என்னிடம் அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன்.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருவாயா?

தம்பி

*

பிப்ரவரி 3

நெட்டைப் பயலே,

செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவனைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு நாள் கிடைக்காமலா போகும்? அவன் சட்டை எங்கள் சலவைக்கு வரட்டும், பொத்தான் ஒன்று மிஞ்சாது.

வக்கீலம்மா சலவைக்கூடத்துக்கே போன் பண்ணிப் பேசினார். மேற்பார்வையாளர், "கோர்ட்ல இருந்து உனக்கு போன்" என்று சொன்னதும், பத்து வருஷமாக மூச்சே விடாமல் ஓடுகிற உலர்த்தி இயந்திரம்கூட நின்றுவிட்டது மாதிரி இருந்தது. எல்லார் கண்ணும் என் மேல். "பயப்படாதீங்கடி, நான் இன்னும் யாரையும் கொல்லலை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

விசாரணை பிப்ரவரி பதினான்கு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணி நேர பஸ். லீவு கேட்டாயிற்று.

இப்போது கவனமாகக் கேள். உருளைக்காரியின் மைத்துனருக்கு இதே மாதிரி ஒரு விசாரணை நடந்ததாம். நீதிபதி என்னென்ன கேட்பார் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறேன். மனப்பாடம் பண்ணு. உலுக்கி எழுப்பிக் கேட்டாலும் வாயிலிருந்து கொட்ட வேண்டும். மூளையைக் கூப்பிடாதே, பயம் வந்தால் முதலில் ஓடிப்போவது அதுதான். நாக்குக்குச் சொல்லிக்கொடு.

இன்று என்ன தேதி, என்ன கிழமை? — பிப்ரவரி பதினான்கு, செவ்வாய்க்கிழமை.

இது என்ன இடம்? — கோர்ட். (ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடாதே. இரண்டு இடத்திலும் அதே பச்சைச் சுவர்தான்.)

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. — தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. (இதற்கு நானும் உருளைக்காரியும் நான்கு கை விரலையும் செலவு பண்ணினோம். எழுபத்தொன்பதுக்குக் கீழே அவர் கேட்டால், நீங்களே சொல்லுங்கள் ஐயா என்று சொல்லிவிடு.)

குரல் எதுவும் கேட்கிறதா? — உங்கள் குரல்தான் கேட்கிறது ஐயா.

நீதிபதி கொட்டாவி விட்டால் நீயும் சேர்ந்து விடாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தத் தொத்து வியாதி உண்டு.

உத்தரவு நீங்கிப் படுக்கையும் போய்விட்டால் எங்கே இருப்பாய் என்று யோசித்தாயா? எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. உன் அத்தான் குறட்டை விட்டால் பாத்திரம் நகரும். நீ காலை நீட்டினால் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரர் தடுக்கி விழுவார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நீ வரவில்லை.

நீதிபதி விடுப்பில் போனதால் பதினான்காம் தேதி விசாரணை இன்றைக்குத் தள்ளிப்போனது. உனக்கும் தகவல் சொன்னதாக வக்கீலம்மா சொன்னார். காலை எட்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சின்ன அறை. நீதிபதி வயதானவர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உக்காருங்க. இன்னிக்கு என்ன தேதி, சொல்லுங்க" என்றார்.

இல்லத்தில் தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பது யார் தெரியுமா? நான்தான். எட்டு வருஷமாக அது என் வேலை. இன்று காலையும் இருபதைக் கிழித்துவிட்டு, இருபத்தொன்றைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

"பிப்ரவரி பதினான்கு, செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பின்னால் கண்காணிப்பாளர் மெல்ல இருமினார். "மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. யோசிக்க உள்ளே ஒன்றுமில்லை. நாக்கு மட்டும் இருந்தது. பதினான்கு என்றேன். மூன்றாவது தடவையும் பதினான்கு என்றேன். அவர் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் பின்கட்டின் தகரம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "எங்க அக்கா சொல்லிக்குடுத்ததுங்க. தேதி மாறினது எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியலை."

நீதிபதி உன் கடிதத்தை முழுதாக வாசித்தார், அக்கா. கொட்டாவி வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. காகிதம் முகத்தை மறைத்திருந்தது. பிறகு கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

"மார்ச் ஏழு கடைசித் தவணை. இதை எழுதினவங்க நேர்ல வரணும். வரலைன்னா மனு தள்ளுபடி."

இனிமேல் கடிதத்தை வக்கீலம்மாவின் விலாசத்துக்கு எழுது. எங்கள் கடிதங்களைப் பிரிப்பது சட்டப்படித் தவறு என்று அவர் கண்காணிப்பாளரிடமே சொன்னார். கண்காணிப்பாளர் சிரித்தார்.

ஏன் வரவில்லை?

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பி,

பஸ் நிலையம் வரை வந்தேன். பையை இருக்கையில் வைத்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். நடத்துநர் டிக்கெட் கிழிக்க வந்தார். "எங்கம்மா போகணும்?" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நீதிபதியை நினைத்துப் பயம் என்று உனக்கு எழுதலாம் என்றுதான் நான்கு நாளாக யோசித்தேன். இரண்டு காகிதம் எழுதிக் கிழித்தும் போட்டேன். அது இல்லை. உன்னை நினைத்துத்தான் பயம்.

உன்னை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த அந்தக் கடைசி இரண்டு நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அத்தான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போக வருகிறார்கள் என்று சொல்லி கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாய். நீ என்னை ஒரு அடி அடிக்கவில்லை. நீ என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் பாதி. தெருவில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிடி இறுகும். 'தம்பி, வலிக்குதுடா' என்றேன். 'பேசாதே, கேட்டுரும்' என்றாய். கதவை உடைத்து உன்னைப் பிரித்தபோது என் இடது கையில் இரண்டு விரல் உடைந்திருந்தது. இன்னமும் அவை மடங்காது. நான் எட்டு விரலால்தான் விரிப்பு மடிக்கிறேன். சலவைக்கூடத்தில் கேட்டால் இயந்திரத்தில் மாட்டியது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காகிதம். உனக்குப் பொய் எழுதினேன். குமாஸ்தா விரலைக் காட்டியது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் அவர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். நான்தான் வாசிக்கச் சொன்னேன். 'இதுல போட்டா உங்க தம்பிக்குச் சொந்தமா எந்த உரிமையும் இருக்காதும்மா, அவர் சார்பா நீங்கதான். புரிஞ்சுதா?' என்றார். புரிந்தது என்றேன். கையில் கட்டோடு போட்டேன். மழை பெய்யவில்லை. குடை இல்லை. அத்தான் வாயைத் திறக்கவே இல்லை.

பூட்டு வேண்டும் என்றுதான் போட்டேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெரிய பூட்டு.

நான்கு வருஷமாக உன்னைப் பார்க்க வரவில்லை. லீவு இல்லை, பஸ் இல்லை, இடுப்பு வலி என்று எழுதினேன். எல்லாம் இருந்தது.

இந்தக் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். வரவில்லை, என்ன செய்ய?

அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு,

விரல்கள் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சத்தமும். தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி. நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை.

பயப்பட்டாய் என்கிறாய். நானும் அதே ஆளைப் பார்த்துத்தான் பயந்தேன். நீ ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கிறாய். நான் அவனோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன்.

வக்கீலம்மா ஒன்று சொல்கிறார். படிப்பில்லாதவர், புரியாமல் கையெழுத்துப் போட்டார் என்று நீ சொன்னால் பழைய உத்தரவு தானாகவே விழுந்துவிடுமாம். மருத்துவர் அறிக்கைகூட வேண்டாமாம். புரிந்துதான் போட்டேன் என்று சொன்னால் எல்லாம் நீதிபதியின் மனதைப் பொறுத்தது. உன் கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டவில்லை. ஆகவே அவருக்கு உண்மை தெரியாது. எதைச் சொல் என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் அது மனப்பாடம் மாதிரி ஆகிவிடும்.

பின்கட்டில் ஒரு கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். யாருக்கென்று சொல்லவில்லை. என் போர்வையின் எண்ணை எழுதிக்கொண்டு போனார்கள்.

இன்று மார்ச் இரண்டு, வியாழக்கிழமை. சும்மா எழுதிப் பார்த்தேன்.

தம்பி

*

மார்ச் 8

நெட்டை,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று உன்னோடு பேசக் கிடைத்தது ஐந்து நிமிஷம். அதிலும் நான் மூக்கைச் சிந்தியே நான்கு நிமிஷத்தைத் தீர்த்துவிட்டேன். உன் தலையில் இவ்வளவு நரை எப்போது வந்தது? சொல்லியிருந்தால் எங்கள் வெளுப்புத் தொட்டியில் முக்கி ஒரே சீராக்கித் தந்திருப்பேனே.

உன்னை வெளியே நிறுத்திவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார்கள் அல்லவா, அதைச் சொல்லத்தான் இது. வக்கீலம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். அவர் முகம் அப்படிப் போயிருந்தது.

நீதிபதி என் கடிதத்தை முன்னால் வைத்திருந்தார். "இதை எழுதினது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுபத்தொம்பதுக்குக் கீழ எழுபத்திரண்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டீங்களே, என்னன்னு புரிஞ்சு போட்டீங்களா?"

வக்கீலம்மா என்னைப் பார்த்து ஒரு மாதிரித் தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்லு, சொல்லு என்கிற ஆட்டம். பொய் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பழகின பொய்தானே, உனக்கே ஒரு தடவை எழுதியாயிற்றே. ஆனால் அதைச் சொன்னால் அன்றைக்கு நடந்தது ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். நாளைக்கு யாராவது வந்து, அந்தப் பொம்பளைக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை என்று சொன்னால் திரும்பவும் உன்னைத்தானே பிடிப்பார்கள்?

"புரிஞ்சுதாங்க போட்டேன்" என்றேன். "அன்னிக்கு எனக்குப் பயம். இவனைப் பாத்துப் பயம்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு?" என்றார் நீதிபதி.

"இன்னிக்கும் பயம்தாங்க. இதோ வெளிய நிக்கிறான், உள்ள எனக்குக் கை நடுங்குது பாருங்க." இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக் காட்டினேன். மடங்காத விரலும் சேர்ந்துதான் நடுங்கியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்புறம் எதைவச்சு உத்தரவை எடுக்கச் சொல்றீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துப் பேசவில்லை. வாய் முந்திக்கொண்டது. "ஐயா, பயப்படுறது நானு. ஓட்டு போனது அவனுக்கு. பயந்தவங்களுக்கு ஓட்டு கிடையாதுன்னா முதல்ல என் பேரை அடிங்க. ஆறு தடவை போட்டிருக்கேன், ஒரு தடவைகூட நடுங்காம போட்டதில்லை. எந்தக் கட்டத்துல குத்துறதுன்னே தெரியாம கண்ணை மூடிக்கிட்டுக் குத்தியிருக்கேன். எனக்கு மட்டும் யாரும் தேதி கேக்கலையே?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பையில் மாற்றுப் புடவை இருக்கிறதா என்றுகூட யோசித்தேன், போ.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டு எதற்கு என்று கேட்டபோது நீ, "தெரியலைங்க. மத்த இருபத்திரண்டு பேருக்கும் இருக்கு" என்றாய். அடப்பாவி, அதை எந்தப் புத்தகத்தில் மனப்பாடம் பண்ணினாய்?

உத்தரவு வாசித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். மற்றதை மூன்று மாதம் கழித்து டாக்டர் அறிக்கையோடு பார்ப்பார்கள். அதுவரை உன் படுக்கையில் யாரும் கை வைக்கக் கூடாது. வக்கீலம்மா அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். இன்னும் இரண்டே நாள்தானே.

மூன்று மாதம் கழித்து என்ன என்று நீ கேட்பாய். அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் இரண்டு நாளைக்கு வரச் சொல்லு, பார்க்கலாம் என்றார். கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்குப் பயம் இருக்கிறது. இல்லாத மாதிரி இனிமேல் எழுத மாட்டேன். ஆனால் வா.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

தாழ்ப்பாளைக் கழற்றியது நல்லது. நானே கேட்க இருந்தேன்.

நேற்று ஓட்டுப் போட்டேன். இரண்டு வண்டிகளில் போனோம். கண்காணிப்பாளர் இருபத்து மூன்று அட்டைகளையும் ரப்பர் போட்டுக் கையில் வைத்திருந்தார். வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருக்குப் போடணும்னு தெரியுமில்ல? தப்பாக் குத்தினா செல்லாது. செல்லாத ஓட்டு போட்டவன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சா மூணு மாசம் கழிச்சு என்ன ஆகும்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு பள்ளிக்கூடம். குட்டை பெஞ்சுகள், கரும்பலகை. தலைமை அலுவலர் ஒரு பெண். கண்காணிப்பாளர் அவரிடம், "இவங்க யாருக்கும் தனியாப் போடத் தெரியாது. எல்லாருக்கும் நான்தான் துணை" என்றார்.

"ஒருத்தருக்கு ஒருத்தர்தான் துணை போகலாம் சார். அதுவும் ஓட்டுப் போடறவர் கேட்டாத்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யாராவது கூட வரணுமா?"

வேண்டும் என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? தப்பு நடந்தால் அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். தனியாக விட்டால் அவன் வந்துவிடுவானோ என்றும் இருந்தது. நான் சொல்வது யாரை என்று உனக்குத் தெரியும்.

"வேணாம்" என்றேன்.

விரலில் மை வைத்தார்கள். சீட்டும் முத்திரையும் தந்தார்கள். மூலையில் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்த ஒரு மேசை. அதன் முன்னால் போய் நின்றேன்.

அக்கா, இங்கே குளியலறைக் கதவில் கண்ணாடி பதித்திருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் சாப்பிட்டால் ஒருவர் எழுதிக்கொள்கிறார், தூங்கினால் இன்னொருவர் எழுதிக்கொள்கிறார், அழுதால் இரண்டு பேரும் எழுதிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்தில் என்னை யாரும் பார்க்காத ஒரு இடத்தில் நான் நின்றதில்லை. அந்த அட்டைக்குள் என் கை என்ன செய்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் பயம்தான் வந்தது. யாராவது தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. அவனும் வரவில்லை.

முத்திரையைக் குத்தினேன். மை காயும்வரை ஊதினேன். சீட்டை நான்காக மடித்தேன்.

"ஐயா, முடிஞ்சுதா?" என்று அந்தப் பெண் வெளியிலிருந்து கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

முடிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தம்பி